முதிய படகும் புதிய கருவிகளும்

உலகைச் சுற்றி வந்த இரு பாய்மரப் படகுகளுக்கு இங்கிலாந்து அளித்த மரியாதையே அவற்றின் உயிருக்கு உலையாய் முடியவிருந்தது என்றால் வாசகர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் நடந்தது அதுதான்.

சர் பிரான்சிஸ் சிச்செஸ்டர் என்பவர் 1966 ஆகஸ்டு மாதம் பிளிமத் துறைமுகத்திலிருந்து தன்னந்தனியராய்ப் புறப்பட்டு, இடையில் சிட்னியில் மட்டும் தங்கி, 1967 மே 28ஆம் நாள் உலகைச் சுற்றித் திரும்பினார். அவரைச் சுமந்து வந்த ‘ஜிப்சி மாத் 4’ என்னும் படகு, பின்னர் லண்டனின் கிரீனிச்சில் நீரில்லாத் துறை ஒன்றில் மக்கள் பார்வைக்கு நிறுத்தப்பட்டது. வெயிலும் மழையும் பார்வையாளரின் காலடிகளும் சேர்ந்து அதனை நைந்துபோகச் செய்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வாறே நின்ற அப்படகு, இறுதியில் ஒரு பவுனுக்கும் ஒரு கோப்பை ஜின்னுக்கும் கைமாறியது! மற்றொரு படகு ‘சுஹைலி’. அது அதே கிரீனிச்சில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கூரைக்குள் பத்திரமாக வைக்கப்பட்டது. வெயிலில்லை, மழையில்லை, காற்றின் ஈரம்கூட அளந்து கட்டுப்படுத்தப்பட்டது. அங்கே அதன் பலகைகள் உலர்ந்து சுருங்கத் தொடங்கின. மரப்படகின் பலகைகள் நீரில் ஊறிப் புடைத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொள்வதால்தான் இடைவெளிகள் அடைபடுகின்றன. ஈரம் போனால் இணைப்புகள் வாய்திறக்கும். நிலைமையைக் கண்ட அதன் உரிமையாளர் சர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 2002ஆம் ஆண்டு படகை வெளியே எடுத்துவந்து பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார்.

பழைய படகைப் பேணுவது எவ்வாறு என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குச் சுஹைலியைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது.

இப்படகு நம் நாட்டில் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் பணியாற்றிய இளம் அதிகாரியான நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1960களின் முற்பகுதியில் பம்பாயின் கொலாபாவில் இதனைக் கட்டுவித்தார். நீளம் 32 அடி, மரம் தேக்கு. நம் தச்சர்கள் வாய்ச்சியாலும் கையால் இயக்கும் துரப்பணத்தாலும் உருவாக்கிய படகு இது. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் வழங்கிய பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. 1968 ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்ட அவர், எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் அதே துறையை அடைந்தார். நில்லாமல் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அப்போட்டியில் புறப்பட்டோர் ஒன்பதின்மர். முடித்தவர் இவர் ஒருவர் மட்டுமே.

படகில் பழுதாகாதது எது என்று கேட்பது எளிது. ஆப்பிரிக்காவின் மேற்கே செல்கையிலேயே நீர் அளவுக்கு மிஞ்சி உள்ளே கசிந்தது. படகின் முதுகெலும்பான ஏராக்கட்டையை ஒட்டிய பலகை இணைப்பு இருபுறமும் விரிந்திருந்தது. கரையோரப் பங்குகளில் வாழும் நம் வாசகர்கள் கலப்பத்து வேலையை நன்கறிவர். பலகை இடுக்கில் பஞ்சையோ நாரையோ திணித்து அடைக்கும் வேலை அது. கரையில் ஏற்றிய தோணிக்கு அதனைச் செய்வதே பொறுமையைச் சோதிக்கும். இவரோ நடுக்கடலில் மூச்சடக்கி மூழ்கிச் செய்ய முயன்றார், பஞ்சு நிற்கவில்லை. பின்னர்ப் பஞ்சை ஒரு நீண்ட கித்தான் பட்டையில் தைத்து, தாரைப் பூசி, செப்பாணிகளால் அறைந்தார். அதன்மேல், வானொலிக் கருவி பொருத்த வந்தவர்கள் விட்டுச்சென்ற செப்புத் தகட்டை வைத்து மூடினார். இடையில் ஒரு சுறா வட்டமிட்டதால் மேலேறித் துப்பாக்கியால் அதனைச் சுட வேண்டியதாயிற்று. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது சுறாவை அன்று; அந்தச் செப்புத் துண்டை. பிறர் எறிந்துவிடும் மிச்சத்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் படகுக்காரருக்குச் சொத்து.

நன்னம்பிக்கை முனைக்கு அருகில் பேரலை ஒன்று படகைப் பக்கவாட்டில் சாய்த்தது. அறையின் கூரை அசைந்து விளிம்பெங்கும் விரிசல் கண்டது. தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டது. அதன்பின் மழைநீரே துணை. வானொலி ஊமையாயிற்று. 1968 நவம்பரில் நியூசிலாந்துக் கரையருகே காணப்பட்டவர், 1969 ஏப்ரலில் ஓர் எண்ணெய்க் கப்பலைச் சந்திக்கும்வரை உயிரோடிருக்கிறாரா என்பதையே வீட்டார் அறியவில்லை. தானே சுக்கான் பிடிக்கும் காற்றுக் கருவியும் ஆஸ்திரேலியாவை அணுகுகையில் முறிந்தது. அவர் பாய்களைச் சமன்செய்து, படகு தன் வழியைத் தானே காத்துச் செல்லுமாறு பழக்கிக்கொண்டார். மின்கலத்துக்கு மின்னேற்றும் எந்திரத்தைச் சரிசெய்யும்போது இடைவெளியை அளக்கும் கருவி கிடைக்கவில்லை. தம் குறிப்பேட்டில் ஓர் அங்குலத் தடிப்புக்கு 200 தாள்கள் இருப்பதைக் கணக்கிட்டு, ஒரு தாள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்று கண்டு, மூன்று தாள்களைச் செருகி அளந்தார். பள்ளியில் வகுத்தல் கணக்கு எதற்கு என்று வினவும் சிறுவர்களுக்கு இதனை நாம் படித்துக்காட்டலாம்.

இனி, ஒருவர் இருபது முப்பது ஆண்டுப் பழைய படகொன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய படகுகளில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. உடல் எளிதில் மக்காது. அதனுள் வாழும் உறுப்புகளே முதுமையடைகின்றன. புதிய உரிமையாளரின் கண் முதலில் எங்கே செல்கிறது? வண்ணத்திரையுள்ள வழிகாட்டும் கருவி, குளிர்பெட்டி, மெத்தை ஆகியவற்றின்மேல். அவர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் வேறு.

படகின் அடிப்பகுதியில், நீர்மட்டத்துக்குக் கீழே, வேண்டுமென்றே இட்ட துளைகள் பல உண்டு. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் வர ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, தொட்டி வடிய ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு வால்வில் தொடங்கி ஒரு நெகிழ்குழாயில் முடிகிறது. அக்குழாயைப் பிடித்திருப்பது திருகாணி வைத்த ஒரு சிறு வளையம். அவ்வளவே. இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று கழன்றால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கும் மேல் கடல் உள்ளே வரும். நம் வீட்டுக் குடத்தால் ஏழெட்டுக் குடம் என்க. கால் மணி நேரம் உறங்கினால் ஒன்றரை டன்! இந்த வால்வு மலிவான பித்தளையில் செய்யப்பட்டிருந்தால், உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிடும். மிஞ்சும் செம்பு பஞ்சுபோலாகி இளஞ்சிவப்பு நிறம் காட்டும். வெளித்தோற்றத்தில் வால்வு முழுதாகவே இருக்கும்; கையால் தட்டினால் ஒடியும். ஆகவே வெண்கல வால்வு, இடமிருக்குமாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு வளையங்கள், அருகிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று ஆகியவை தேவை. குழாய் போனால் அக்கட்டையைத் துளையில் அறையலாம். மிகவும் விலை குறைந்த பாதுகாப்புக் கருவி இதுவே. பல படகுகளில் காணப்படாததும் இதுவே என்பதுதான் வேதனை.

அடுத்து நெருப்பு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து ஓரளவு வெளியேற்றுகிறோம். படகோ மூடியில்லாப் பானை போன்றது. கசிந்த வாயு அடியில் நீர்போல் தேங்கி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். எனவே உருளையைக் காற்று வெளியே வடியும் தனி அறையில் வைக்க வேண்டும். பழைய ரப்பர் குழாயை ஆண்டுக் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். நம் சமையலறைகளுக்கும் பின்பாதி அறிவுரை பொருந்தும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பற்றி ஒரு சொல். துருப்பிடியா எஃகு என்ற பெயர் மயக்கம் தருவது. காற்றுப் புகும் இடத்தில் அது துருப்பிடியாது. தளத்தைத் துளைத்துச் செல்லும் பட்டைகளின் மறைவிடத்தில், ஈரம் தேங்கிக் காற்று நுழையாத இடுக்கில், அது கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துப் போகும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கம்பிகளை மாற்றிவிடும் வழக்கம் அதனால் ஏற்பட்டது. செலவு மிகுதிதான், பாய்மரம் ஒடிந்து விழுந்தால் ஆகும் செலவோ அதனினும் மிகுதி.

டீசல் தொட்டியின் அடியில் பல்லாண்டுச் சேறு படிந்திருக்கும். அமைதியான நீரில் அது அசையாது. புயலில் கலங்கி வடிகட்டியை அடைக்கும். எந்திரம் மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே அது நின்றுபோவதன் காரணம் இதுதான். விதியை நொந்து பயனில்லை.

புதியன எல்லாம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. மின்சாரத் துறையில் வந்த முன்னேற்றம் பழைய படகுகளுக்குப் பெரும் நன்மை செய்துள்ளது. பாய்மர உச்சியில் எரியும் 25 வாட்டுப் பழைய விளக்கு, பத்து மணி நேரத்தில் 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி உறிஞ்சும். அதே வேலையைச் செய்யும் இன்றைய எல்.இ.டி. விளக்குக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். சூரியத் தகடு இரண்டு இருந்தால் எந்திரத்தை ஓட்டாமலே மின்கலம் நிறையும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் மின்கலத்தைச் சோதிக்கையில் அமிலம் தெறித்துக் கண்ணை இழக்கும் நிலைக்கு அஞ்சினார்; இன்றைய லித்தியம் மின்கலத்தில் அந்த அமிலம் இல்லை. ஆயினும் பழைய மின்னாக்கியில் இதனை நேரே இணைப்பது தவறு. லித்தியம் மின்கலம் கிடைக்கும் மின்சாரத்தை எல்லாம் விழுங்குமாதலால், மின்னாக்கி சூடேறிக் கருகும். கட்டுப்படுத்தும் கருவி இடையில் வேண்டும். கம்பிகளும் ஈயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும்; வெறும் செம்பு உப்புக் காற்றில் பச்சைபிடித்துக் கறுத்துவிடும். ஓர் உறுப்பைப் புதிதாக்கினால் அதனோடு தொடர்புடைய மற்றிரண்டு உறுப்புகள் தம் முதுமையைக் காட்டும் என்பது பழைய படகின் இயல்பு.

நம் கருத்தில், புதிய கருவி ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியால் அளக்கலாம்: இது நின்றுபோனால் கையால் அதே வேலையைச் செய்ய வழி உண்டா? மின் இறைப்பி இருக்கட்டும். கையால் இறைக்கும் பம்பும் இருக்கட்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கட்டும். காகித வரைபடமும் பெட்டியில் இருக்கட்டும்.

பழுது நீங்கிய ஜிப்சி மாத் 4, 2005இல் மீண்டும் நீரில் இறங்கியது. இளைஞர்களை ஏற்றிக்கொண்டு மறுபடி உலகைச் சுற்றுகையில், 2006 ஏப்ரலில் பசிபிக் கடலின் பவளப்பாறையில் மோதிப் பெரிதும் சிதைந்தது. நியூசிலாந்தில் செப்பனிடப்பட்டு, 2007 மே 28 அன்று பிளிமத் சேர்ந்தது. சிச்செஸ்டர் திரும்பிய அதே தேதி! சுஹைலியின் துருப்பிடித்த ஆணிகளை மாற்றும் பணியில் பெரும்பங்கை முதியவரான நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம் கைகளாலேயே செய்தார். 2018 ஜூன் 14 அன்று, ஐம்பதாம் ஆண்டு நிறைவில், அப்படகு ஃபால்மத்தில் நீரில் மிதந்தது.

அவ்வாண்டு நினைவுப் போட்டியும் தொடங்கியது. 1988க்கு முன் வரையப்பட்ட வடிவுடைய படகுகள் மட்டும், பழைய காலக் கருவிகளோடு மட்டும் செல்ல வேண்டும் என்பது விதி. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய சுஹைலியின் மறுவடிவான ‘தூரியா’வில் சென்றார். 2018 செப்டம்பரில் தென் இந்துமாக்கடலில் படகு புரண்டு பாய்மரம் ஒடிந்தது. முதுகெலும்பு முறிந்த நிலையில் மூன்று நாட்களுக்குப்பின் அவர் மீட்கப்பட்டார். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற பின், 2022 செப்டம்பரில் பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து, செப்பனிட்ட 36 அடிப் படகொன்றில் அவர் மீண்டும் புறப்பட்டார். வழியில் காற்றால் இயங்கும் சுக்கான் கருவியின் துடுப்பு உடைந்தது; கொண்டுவந்த மாற்று உறுப்புகளும் தீர்ந்தன. அவர் படகைச் சுற்றிப் பார்த்தார். தகுந்த அளவில் பலகை இருந்தது கழிப்பறைக் கதவில்தான். அதனை அறுத்துத் துடுப்பாக்கிப் பொருத்தினார். 236 நாட்கள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று, கழிப்பறைக்குக் கதவில்லாத அப்படகில் இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார்.