காற்றுக்கு ஜாதகம் தெரியாது

2004 ஏப்ரல் 17. தேர்தல் பிரச்சாரத்துக்காக கரீம்நகர் கிளம்பினார் நடிகை சௌந்தர்யா. ஆமாம், நம்ம 'அருணாச்சலம்', 'படையப்பா' சௌந்தர்யாதான். பெங்களூர் ஜக்கூர் விமானதளத்தில் இருந்து காலை 11 மணி வாக்கில் எழும்பிய சின்ன செஸ்னா விமானம், கொஞ்ச நேரத்திலேயே பக்கத்து விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் விழுந்து எரிந்தது. அவர், அவருடைய அண்ணன், விமானி உட்பட 4 பேரும் பலி.

அதுக்கப்புறம் நாம பேசினது என்ன? "ஜோசியர் அப்பவே சொல்லிட்டாராம்", "எல்லாம் விதி". 2025-ல் ஒருத்தர் இது கொலை என்றே புகார் கொடுத்தார். கணவர் முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று.

அன்னைக்கு வெயில் எவ்வளவு, விமானத்தின் எடை எவ்வளவு என்று யாராவது கேட்டோமா?

விஷயம் எளிது. வெயில் ஏறினால் காற்று விரியும், அடர்த்தி குறையும். உயரமான ஊரிலும் அப்படித்தான். காற்று மெலிந்தால் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், இஞ்சினுக்கு ஆக்சிஜன் குறையும், முன்னால் சுழலும் விசிறிக்கும் பிடிப்பு இருக்காது. அதிகமாகிற ஒவ்வொரு டிகிரிக்கும், விமானம் சுமார் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பது போலத் திணறும்.

எங்க உத்திரமேரூர் சமவெளி. ஆனாலும் 40 டிகிரி கத்திரி வெயிலில், விமானத்துக்கு அது 3,000 அடிக்கு மேல்! பெங்களூருக்குத் தரையே ஏறக்குறைய 3,000 அடி. அங்கே 33 டிகிரி அடித்தால் கணக்கு 6,000 அடியைத் தொடும். அதாவது ஏற்காட்டுக்கும் மேலே.

2012-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 6,000 அடிக்கு மேலிருந்த ஓடுதளத்தில் இருந்து 4 பேரோடு ஒரு ஸ்டின்சன் விமானம் கிளம்பியது. மரத்தைத் தாண்டி மேலே ஏறவே முடியாமல் விழுந்தது. நல்லவேளை, உயிர் பிழைத்தார்கள். அங்கே விசாரணை அதிகாரிகள் ஜாதகம் பார்க்கவில்லை. வெயிலையும் உயரத்தையும் சரியாகக் கணக்குப் போடாமல் கிளம்பியதுதான் காரணம் என்று எழுதினார்கள்.

சௌந்தர்யா விமானத்துக்கும் இதுவேதான் காரணம் என்று தீர்ப்பு சொல்ல வரவில்லை நண்பர்களே. முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே நாம் கேட்கவில்லை என்கிறேன். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் பாருங்க! எடையைக் குறைத்திருக்கலாமா, விடியற்காலையில் கிளம்பியிருக்கலாமா என்ற கேள்விகளுக்கும் அங்கேயே முற்றுப்புள்ளி. அடுத்து ஏறப்போகிறவருக்கு அதனால் என்ன பாடம்?

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பெருமையாகப் பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்கவே கூடாது, அவர் உறவினரும் கூடாது என்கிறது அது. 1,100 வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு கேட்ட ஊர் இது. அடுத்த முறை சின்ன விமானம் ஒன்று விழுந்த செய்தி வந்தால் நாமும் கேட்போம்: எடை எவ்வளவு? வெயில் எவ்வளவு? தரை எவ்வளவு உயரம்? ஓடுதளம் எவ்வளவு நீளம்?

ராசி, நட்சத்திரமெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.