காற்றோடு போகும் கரண்டு

தமிழகத்தின் மேட்டாங்காட்டுப் பகுதிகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கம்ப்ரசர் வைத்து நீர் இறைக்கிறார்கள். அழுத்திய காற்றைக் குழாய் வழியே ஆழத்துக்கு அனுப்பினால் அது குமிழிகளாக நீரில் கலந்து நீரை மேலே தூக்கி வருகிறது. கிணற்றுக்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. மணல் வந்தாலும், நீர் வற்றினாலும் மோட்டார் எரியாது. நீர்மூழ்கி மோட்டார் எரிந்து காயில் கட்டக் கொடுத்தவர் கம்ப்ரசரை நாடுவது இயல்பே.

ஆனால் கரண்டைப் பொறுத்தவரை இது ஊதாரி. காற்றை அழுத்தும்போது மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. சிலிண்டர் தலை கையைச் சுடுவது இதனால்தான். 1,000 லிட்டர் நீரை 200 அடி உயர்த்தக் கணக்குப்படி ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 4 யூனிட் எடுக்கும். அப்படியானால் 24,000 லிட்டர் வரவேண்டும். எந்த இயந்திரமும் அவ்வளவு தராது. பொருத்தமான நீர்மூழ்கி மோட்டார் அதில் பாதியை நெருங்கும். கம்ப்ரசர் தருவது சிறு பங்குதான்.

மின்சாரம் இலவசம்தானே, வீணானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கட்டணம் இல்லாவிட்டாலும் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு எல்லை உண்டு. அந்த நேரத்துக்குள் எவ்வளவு நீர் வயலுக்குப் பாய்ந்தது என்பதே சிறு விவசாயியின் கணக்கு. மேலும், ஒரே டிரான்ஸ்பார்மரில் வீண் சுமை ஏறினால் வோல்டேஜ் இறங்கும். பக்கத்துக் காட்டுக்காரரின் மோட்டாரும் சூடாகும்.

தொழிற்சாலைகளில் பராமரிப்பில்லாத காற்றுக் குழாய்களில் 20 முதல் 30 சதம் காற்று கசிவிலேயே போவதுண்டு. அழுத்தத்தில் ஒரு கிலோ குறைத்தால் 6, 7 சதம் மின்சாரம் மிச்சமாகும். உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம் 4 டிகிரி கூடினால் செலவு ஒரு சதம் கூடும். ஆலைக்குப் பொருந்தும் இந்தப் பாடம் காட்டுக்கும் பொருந்தும்.

குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும்; குமிழி வந்தால் அங்கே கசிவு. காற்று வடிகட்டியைத் தூசி தட்டி வைக்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தால் இறுக்க வேண்டும். மோட்டார் அறை காற்றோட்டமாக இருப்பது நல்லது. வேலைக்கு முன்னும் பின்னும் 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் பலன் தெரிந்துவிடும்.

நீர் விட்டுவிட்டுச் சிதறி வந்தால் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது ஓட்டுவது வெறும் காற்றடிப்பு. நிறுத்தி, ஊற்று ஊறவிட்டு, மீண்டும் ஓட்டுவதே அறிவுடைமை.

ஊற்று குறைந்த, மணல் தள்ளும் கிணற்றுக்குக் கம்ப்ரசர் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கலாம். நல்ல ஊற்றுள்ள கிணற்றுக்கு அது வேண்டாம். அங்கே ஆழத்துக்கேற்ற நீர்மூழ்கி மோட்டாரும், நீர் வற்றினால் தானே நிறுத்தும் ஸ்டார்ட்டரும் போதும். எரிந்துவிடுமே என்ற பயத்துக்காகக் காலமெல்லாம் காற்றுக்குக் கரண்டைக் கொடுப்பது லாபமாகாது.