பழைய சூப்பிப்போத்தல்

தம்பிக்குப் பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு. "வீணாக் காசைக் கரியாக்காதேங்கோ" எண்டு மனுசி கெல்லருக்குள்ள இருந்து எங்கட மகன் குடிச்ச போத்தலுகளை எடுத்து வைச்சிருந்தா. 2009இல இஞ்ச ஜேர்மனியில வாங்கினது. கண்ணாடி மாதிரி மினுங்கும், விழுந்தாலும் உடையாது. அடியில 7, பிசி எண்டு கிடக்கு. பொலிகார்பனேற்.

அதில இருக்கிற பிஸ்பினோல் ஏ சூடான பாலுக்குள்ள கசியும். உடம்பில ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். கனடா 2008இலேயே தடை செய்யப்போறம் எண்டு அறிவிச்சது. ஐரோப்பிய ஒன்றியமோ 2011 யூன் வரைக்கும் உந்தப் போத்தலுகளை விற்க விட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு போகலாம் எண்டு 2015இல சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, 2023இல அந்த அளவை 20,000 மடங்கு குறைச்சது. அப்ப 2009இல குடிச்ச பிள்ளையளுக்கு ஆர் கணக்குச் சொல்லுறது?

சரி, அவையை விடுவம். எங்கட சனம்? "உதிலதானே உன்ர பெடியனும் வளர்ந்தவன், என்ன குறைஞ்சு போனான்?" எண்டு கேக்கினம். அண்டைக்குத் தெரியாமல் குடுத்தம். இண்டைக்குத் தெரிஞ்சுகொண்டும் குடுக்கிறதோ? நான் வேலை செய்யிற குசினியில கீறல் விழுந்த பிளாஸ்ரிக் பெட்டியை எறிஞ்சு போடுவம். ஆரோ ஒருத்தன் தின்னுற சலாட்டுக்கு இருக்கிற கவனம் எங்கட குஞ்சுக்கு இல்லையோ?

பழசெல்லாம் குப்பைக்குள்ள. கண்ணாடிப் போத்தல் ரெண்டு வாங்கிக் குடுத்தாச்சு. மனுசி இன்னும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பரவாயில்லை. உங்கட கெல்லரையும் ஒருக்கா கிளறிப் பாருங்கோ.