பெயரில்தான் பசி



'தி ஹங்கர் கேம்ஸ்' என்கிற இங்கிலீஷ் படத்தை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன் என்றதும் எதிர்வீட்டு அக்கா முகத்தைச் சுளித்தார். "பிள்ளைங்களைப் பிள்ளைங்களே கொல்ற படமாமே, அதைப் போய் வயசுப் பொண்ணோட பார்த்தியா?" என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கதையே அதுதான். ஆனால் அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள வருத்தம் வேறு. பெயரிலேயே பசியை வைத்துக்கொண்டு, பசியைச் சரியாகக் காட்டாமல் விட்டுவிட்டார்களே என்பதுதான்.

2012-ல் வந்த படம் இது. சுசான் காலின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி வளரும் பிள்ளைகளுக்காக 2008-ல் எழுதிய நாவலை கேரி ராஸ் படமாக்கியிருக்கிறார். திரைக்கதையிலும் அந்த அம்மாள் பங்கு உண்டு. நான் பத்தாவதோடு நின்றவள், இங்கிலீஷ் நாவலெல்லாம் படிக்க வராது. என் மகள்தான் புத்தகத்தைப் படித்து, ராத்திரி நான் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொன்னாள். அந்தத் தைரியத்தில்தான் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

வருங்காலத்தில் வட அமெரிக்கா அழிந்துபோய், அந்த இடத்தில் பனெம் என்று ஒரு நாடு இருக்கிறது. (லத்தீனில் ரொட்டிக்கான சொல்லாம் அது.) கேபிட்டல் என்ற தலைநகரம் சுகமாக வாழ, 12 மாவட்டங்கள் அதற்கு உழைக்கின்றன. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையன், ஒரு பெண் என்று குலுக்கலில் எடுத்து, 24 பேரையும் ஒரு காட்டில் விட்டு அடித்துக்கொள்ளச் சொல்வார்கள். கடைசி வரை உயிரோடிருப்பவர் ஜெயித்தவர். அதை நாடே டி.வி.யில் பார்க்க வேண்டும். சுரங்க மாவட்டமான பன்னிரண்டாம் மாவட்டத்தில், 12 வயதுத் தங்கை பிரிமின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தானே போகிறாள் 16 வயது காட்னிஸ்.

இந்தக் குலுக்கல் கணக்கைத்தான் தோழிகள் கவனிக்க வேண்டும். 12 வயதில் ஒரு சீட்டு, 13-ல் இரண்டு என்று வயதோடு ஏறிக்கொண்டே போகும். அது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் சாப்பாடில்லாத பிள்ளைகள் கூடுதலாக ஒரு சீட்டு எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு போடலாம். போட்ட சீட்டு அடுத்த வருஷம் கழியாது, மேலே மேலே சேரும். காட்னிஸ் வீட்டில் அம்மா, தங்கை, அவள் என்று மூன்று பேர். அதனால் 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டில். அதே வயதுள்ள மேயர் மகளுக்கு 5 சீட்டுதான்! ஐந்து பேர் உள்ள வீட்டுப் பையன் கேல், அவனுக்கு 18 வயது, 42 சீட்டு. அதிர்ஷ்டம் என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அது சோறில்லாதவன் கழுத்தைத் தேடிவரும் சுருக்கு. வீட்டுக்கு எண்ணெய் வாங்க ஒரு பிள்ளை தன் உயிரை எழுதிக் கொடுக்கிறது என்று கேட்டதும் என் கையில் இருந்த பாத்திரம் அப்படியே நின்றுவிட்டது.

படத்தில் இதற்கு எவ்வளவு நேரம் தெரியுமா? கேல் 42 என்று ஒரு வார்த்தை சொல்கிறான். கூடுதல் சாப்பாட்டுக்காகப் பெயர் கொடுத்துவிடாதே என்று காட்னிஸ் தங்கையிடம் சொல்கிறாள். அவ்வளவுதான். கதை தெரியாதவர்களுக்கு அது என்னவென்றே புரியாது. படமோ இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேலே. கேபிட்டல்காரர்களின் கலர் கலரான தலைமுடிக்கும் டிரெஸ்ஸுக்கும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

ரொட்டி விஷயமும் அப்படியே. அப்பா சுரங்க வெடிப்பில் செத்து, வீட்டில் ஒன்றுமில்லாமல், 11 வயதுப் பெண் மழையில் அடுத்தவர் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கிறாள். ரொட்டிக்கடைப் பையன் பீட்டா வேண்டுமென்றே ரொட்டியைத் தீயவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, அவளுக்குப் போடுகிறான். புத்தகத்தில் மனசைப் பிசையும் இந்த இடம், படத்தில் துண்டு துண்டாக, கனவு மாதிரி வந்து போகிறது. சீட்டுப் போட 12 வயது ஆக வேண்டுமே என்று அந்தப் பெண் பிறந்த நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்ததெல்லாம் காணவே காணோம்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். புருஷன் செத்ததும் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டவள். விடைபெறும்போது, மறுபடி அப்படி ஆகிவிடாதே என்று மகள் கடுமையாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நியாயந்தான். ஆனால் அவள் மூலிகை வைத்தியம் தெரிந்தவள், அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிறவள் என்று மகள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படம் மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவள் வெறும் அழுமூஞ்சி. பெயர்கூட இல்லை, 'காட்னிஸின் அம்மா' அவ்வளவுதான். துக்கத்தில் மனசு நின்றுபோவதும் ஒரு வியாதிதானே? அதைத் திட்டிவிட்டுப் போய்விட்டால் ஆச்சா?

நல்லதையும் சொல்ல வேண்டும். குலுக்கல் நாள் காட்சியில் பாட்டு, பின்னணி இசை எதுவும் இல்லாமல், பிள்ளைகள் வரிசையாக நின்று விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள் பாருங்கள், அங்கே டைரக்டர் ஜெயித்துவிட்டார். தங்கையின் சட்டை பின்னால் தொங்குவதை அக்கா சரிசெய்கிற சின்ன விஷயத்தைக்கூட விடவில்லை. ஜெனிபர் லாரன்ஸ் என்ற பெண் மேடையில் நிற்கும்போது அழாமலே அழவைக்கிறாள். டி.வி. நடத்துகிறவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, பட்டனைத் தட்டிக் காட்டுக்குள் நெருப்பை விடுகிறார்களே, அது படத்துக்காகச் சேர்த்ததாம். நல்ல சேர்ப்பு. ஆட்டம் காட்டுகிறவர்களுக்குக் கை கறுப்பதே இல்லை என்பது அங்கேதான் விளங்குகிறது. ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சி, அடுத்ததில் இராக் யுத்தம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியதாக காலின்ஸ் சொல்லியிருக்கிறார். நாமும் ரிமோட்டை வைத்துக்கொண்டு அதைத்தானே செய்கிறோம்?

கொலைக் காட்சிகளில் கேமராவை ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்காக மறைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் எனக்குத் தலை சுற்றியது, செத்தது யாரென்றும் தெரியவில்லை. யாரென்றே தெரியாமல் ஒரு பிள்ளை சாகலாமா?

ரூ என்கிற 12 வயதுக் குழந்தை செத்ததும் காட்னிஸ் பூக்களால் அவளை மூடுகிறாள். அதுவரை கல்லாக இருந்த என் மகள் அங்கே உடைந்துவிட்டாள். உடனே படத்தில் ரூவின் பதினோராம் மாவட்டத்தில் கலவரம் வெடிக்கிறது, அடிதடி, ஓட்டம். புத்தகத்தில் இப்படி இல்லை. பதினோராம் மாவட்டத்து ஏழை ஜனங்கள், தங்கள் குழந்தையை மரியாதையாக வழியனுப்பியவளுக்கு ஒரு சின்ன ரொட்டி அனுப்புகிறார்கள். காட்டுக்குள் அனுப்பும் பொருளுக்கு யானை விலை. சாப்பாட்டுக்கே இல்லாதவர்கள் எப்படிச் சேர்த்தார்களோ! அடுத்த மாவட்டத்துப் பெண்ணுக்கு அதை ஏன் கொடுத்தார்கள்? நூறு பேர் கல்லெறிவதைவிட அந்த ஒரு ரொட்டிக்குத்தான் கேபிட்டல் பயந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சினிமாக்காரர்களுக்குக் கல்தான் பிடிக்கிறது.

எதிர்வீட்டு அக்காவுக்கு என் பதில் இதுதான்: என் மகளுக்கு வயது 15, அவள் பார்க்கலாம். பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டுப் பேசினாள், நல்லதுதான். சின்னவனுக்கு 9, அவனுக்கு இப்போது படம் கிடையாது. அக்காவே கதையாகச் சொல்லட்டும். அந்த ரொட்டி வந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

- ஒரு இல்லத்தரசி