சீக்வென்சரா, சிந்தசைசரா?

எதிர்வீட்டுப் பையன் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்தான். "தாத்தா, வீட்டிலேயே சின்னதா ஒரு ஸ்டுடியோ போடப் போறேன். முதல்ல சீக்வென்சர் வாங்கட்டுமா, சிந்தசைசர் வாங்கட்டுமா?"

மேல்மலையனூர் அங்காளம்மன் மேல் நாலைந்து பாட்டு எழுதி, மெட்டும் போட்டு வைத்திருக்கிறான். கையில் இருப்பது 30,000 ரூபாய். அதில் பாதி அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. செஞ்சியில் பஜனைகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறான். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த அம்மாள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிந்தசைசர் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் கருவி. சீக்வென்சர் பெரும்பாலும் ஊமை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு கருவிக்கு உத்தரவு போடும். ஸ்வரம் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் மாதிரி. உள்ளேயே ஒலி வைத்த பெட்டிகளும் உண்டு. 1983-ல் 'மிடி' என்ற பொது முறை வந்த பிறகு, ஒரு கம்பெனியின் சீக்வென்சர் இன்னொரு கம்பெனியின் சிந்தசைசரை வாசிக்க வைக்க முடிந்தது.

இதன் பலனை நாம் கேட்டிருக்கிறோம். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1989-ல் ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒரு ஸ்டுடியோ அமைத்தார். மூன்றே வருஷத்தில் 'ரோஜா' வந்தது. ஆகவே வீட்டு ஸ்டுடியோ என்றால் யாரும் சிரிக்க வேண்டாம்.

என் கட்சி சிந்தசைசர்தான். சீக்வென்சர் இருந்தால் ஒரே ஆள் ஒரு குழுவையே வாசிக்க வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வேலையைப் பையனிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே செய்யும். அதற்கான மென்பொருள் இலவசமாகவும் கிடைக்கிறது. பல சிந்தசைசர்களில் சின்ன சீக்வென்சர் உள்ளேயே இருக்கிறது. தவிர, விரல் பழகாதவன் நோட்டில் எதை எழுதுவான்? ஆர்மோனியத்தில் எனக்கு வராத கமகத்தை, சிந்தசைசரின் ஓரத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு கொண்டுவந்துவிடலாம். அது கையால் பழக வேண்டிய வித்தை.

இன்னொன்றும் அவனிடம் சொன்னேன். பம்பைக்கு மட்டும் மெஷின் வேண்டாம். நம் பக்கத்தில் அம்மன் வர்ணிப்பு பாடும்போது கவனித்திருப்பீர்கள். அருள் வரும் நேரம் பார்த்து அடி கொஞ்சம் கொஞ்சமாக முடுகும். ஆடுகிறவள் முகத்தைப் பார்த்துத்தான் பம்பைக்காரர் அடிப்பார். மெஷினுக்கு முகம் தெரியாது. கச்சேரிகளில் தாளப் பெட்டி வந்த பிறகு வாய்ப்பு குறைந்துபோன வாத்தியக்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

"ஒரு பம்பைக்காரரைக் கூப்பிட்டு, நல்ல மைக்காக ஒன்று வை. கூலியைப் பேரம் பேசாமல் கொடு. அதற்கு இந்த 30,000-ல் முதலிலேயே தனியாக எடுத்து வை" என்றேன்.

பையன் தலையாட்டினான். அவன் அம்மா வாசலில் நின்று, "அப்போ ஒரு பெட்டி போதும்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

போதும் என்றேன்.