எட்டாத காரும் ஏமாற்றும் காரும்

மின்சாரக் கார் வாங்கலாமா என்ற கேள்வி இப்பொழுது கல்முனைக் கரையோரத்தில் கலியாண வீடுகளிலும், ஜும்ஆ முடிந்து கலைகின்ற பள்ளிவாசல் முற்றங்களிலும் தவறாமல் எழுகின்றது. கேள்வி நல்லதே. கிடைக்கின்ற விடைகள்தாம் கவலை தருகின்றன. ஒரு சாரார் "பெற்றோல் செலவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்கின்றனர். மறு சாரார் "அது கொழும்பாருக்கான விளையாட்டுப் பொருள், நமக்கு வேண்டாம்" என்கின்றனர். இருவருமே கணக்குப் பார்க்காதவர்கள். அவர்களைவிடப் பெரிய குற்றவாளி ஒருவர் இருக்கின்றார். ஒரு சாதாரணக் குடும்பம் இந்தக் கணக்கைச் சரியாகப் போடவே முடியாதபடி விதிகளை ஆண்டுதோறும் புரட்டிப் போடுகின்ற அரசாங்கந்தான் அவர். ஆட்சிகள் மாறியபோதும் இந்தக் குணம் மாறவில்லை.

சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். 2015 ஆம் ஆண்டளவில் மின்சாரக் கார்களுக்கான வரி குறைக்கப்பட்டிருந்தபோது யப்பானிலிருந்து பாவித்த நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. பின்னர் வரி கூட்டப்பட்டதும் வரத்து சரிந்தது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. ஐந்து ஆண்டுகள் வரையில் இந்நாட்டில் ஒருவர் கார் வாங்குவதென்றால் இன்னொருவர் ஓட்டிக் களைத்த காரை வாங்க வேண்டும் என்பதே நியதியாயிற்று. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய காரை விற்றவர்கள் அக்காலத்தில் நம் ஊர்களிலும் இருந்தனர். தனியார் வாகன இறக்குமதிக்கான கதவு 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் திறந்தது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2022 இல், நாடு கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்த ஆண்டில், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்புகின்ற பணத்தில் பாதி வரையான பெறுமதிக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்யலாம் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. வளைகுடாவில் வியர்வை சிந்தாத வீடு அரிதான நம் கரையில் அந்த அறிவிப்பு எத்தனை பேருக்கு நம்பிக்கை ஊட்டியது! ஆனால் வீட்டுப் பணியாளராகவும் கட்டடத் தொழிலாளியாகவும் இருப்பவர் சில மாதங்களில் அனுப்பும் தொகையின் பாதியைக் கொண்டு எந்தக் கார் வாங்குவது? பெரும் சம்பளக்காரருக்கே அத்திட்டம் பொருந்தி வந்தது. பிற்காலத்தில் அதில் முறைகேடுகள் நடந்தன என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. உழைப்பாளியின் பெயரால் திறக்கப்பட்ட வாசலில் உழைப்பாளியைத் தவிர மற்றவர்கள் நுழைவது நமக்குப் பழகிப்போன காட்சிதான்.

இனி வரிக்கு வருவோம். பெற்றோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து உற்பத்தி வரி போடுவது போல, மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவைக் கிலோவாட் கணக்கில் பார்த்து வரி போடுகின்றனர். 2025 இல் வெளியான அட்டவணையில் 50, 100, 200 கிலோவாட் என்ற படிகள் உள்ளன. படி ஏற ஏற ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் உரிய வரி ஏறும். இதற்கு மேல் சுங்கத் தீர்வை, மேலதிக வரி, பின்னர் இவை யாவும் சேர்ந்த தொகைக்கு 18 வீதப் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி கட்டுகின்ற பாக்கியம் நமக்கு.

இந்த முறை எவ்வளவு பலவீனமானது என்பதை அதே ஆண்டின் நடுப்பகுதியிலேயே நாடு கண்டது. பிவைடி நிறுவனத்தின் கார்கள் 100 கிலோவாட் என்று அறிவிக்கப்பட்டு வந்திருந்தன. அவற்றின் மோட்டார் உண்மையில் 150 கிலோவாட்டாக இருக்கலாம் என்று சுங்கத் திணைக்களம் ஐயுற்று, பெருந்தொகையான வாகனங்களைத் தடுத்து வைத்தது. இறக்குமதியாளர் அதை மறுத்தனர். விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. யார் சரி என்பதைத் தீர்ப்பது நமது வேலை அன்று. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளர் இந்த வழக்கில் எந்தக் கட்சி? ஒரு மோட்டாரின் வலு எவ்வளவு என்று கப்பல் வந்த பிறகுதான் தேடிப் பார்க்க வேண்டுமா? கப்பல் ஏறுவதற்கு முன்னரே அளந்து சான்றளிக்கும் ஒழுங்கு இருந்திருப்பின் இந்தக் கூத்து நடந்திராது.

அட்டவணையில் இன்னுமோர் அநீதி உண்டு. அது நம் போன்ற ஊர்களையே நேராகத் தாக்குகின்றது. ஓராண்டுக்கு உட்பட்ட புதிய மின்சாரக் காருக்கு ஒரு வீதம். ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை பாவித்த காருக்கு அதைவிடக் கூடிய வீதம். அதாவது, புதுக்கார் வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகை. பாவித்ததையே நாட வேண்டியவருக்குத் தண்டனை. பழைய பற்றரிகளின் குப்பைமேடாக நாடு ஆகிவிடக்கூடாது என்பது அரசாங்கத்தின் வாதம். வாதம் நியாயமானது, மருந்துதான் தவறானது. பற்றரியின் ஆரோக்கியம் பிறந்த திகதியில் மட்டும் தங்கியிருப்பதில்லை. எந்த வெப்பத்தில் ஓடியது, எப்படி மின்னேற்றப்பட்டது, குளிரூட்டும் வசதி இருந்ததா என்பவற்றிலும் தங்கியுள்ளது. அதை அளக்கும் கருவிகள் உலகெங்கும் உண்டு. வயதுக்கு வரி போடுவதை விடுத்து, பற்றரியின் மிஞ்சிய கொள்ளளவுக்குச் சான்றிதழ் கேட்டால் குப்பையும் வராது, ஏழைக்கும் வழி அடையாது.

சான்றிதழ் இல்லாத சந்தையில் என்ன நடக்கின்றது என்பதற்கு அந்த ஆரம்பகால லீஃப் கார்களே சாட்சி. 24 கிலோவாட்-மணி பற்றரி கொண்ட அக்கார் புதிதாக இருந்தபோது, ஒரு முழு மின்னேற்றத்தில் ஏறக்குறைய 117 முதல் 135 கிலோமீற்றர் ஓடும் என்று அமெரிக்க அரசின் மதிப்பீடுகள் கூறின. அதன் பற்றரியைத் திரவத்தால் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை. 2012 இலேயே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வெயிலில் பற்றரி விரைவாகத் தேய்கின்றது என்று உரிமையாளர்கள் முறையிட்டனர். நம் கரையின் வெயில் எவ்வளவு கருணை உடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கொள்ளளவை இழந்த அத்தகைய கார் அறுபது, எழுபது கிலோமீற்றரில் நின்றுவிடும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வர எண்பது கிலோமீற்றர் அளவு வேண்டும். ஆசுபத்திரிக்கு நோயாளியை ஏற்றிச் சென்ற கார் திரும்பி வராது. "விலை மலிவு" என்று தரகர் சொல்லும்போது இந்தக் கணக்கை அவர் சொல்வதில்லை. அந்தக் கார்களின் விரைவு மின்னேற்றத் துளை யப்பானிய முறைக்குரியது என்பதையும், புதிய கார்களுக்கென வைக்கப்படும் எல்லா நிலையங்களிலும் அது பொருந்தும் என்று நம்பிவிட முடியாது என்பதையும் சொல்வதில்லை.

"பெற்றோல் செலவே இல்லை" என்பாரின் கணக்கையும் பார்ப்போம். ஒரு நடுத்தர மின்சாரக் கார் நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் கொள்ளும். மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் 150 அலகு. மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 165 அலகு எனலாம். இப்போது மாதம் 90 அலகு பாவிக்கும் வீடு 255 அலகுக்குத் தாவிவிடும். நமது வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகைத் தாண்டியவருக்கே மிகக் கூடிய வீதம். ஆகவே காருக்கான மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த மேற்படிகளின் விலையில் வந்து விழும். இத்தோடு அந்தக் கட்டணமும் நிலையாக நிற்பதில்லை. 2022 ஆகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் எனக் கூடியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது. ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது. இவ்வளவுக்குப் பின்னரும், லீற்றருக்குப் பதினான்கு கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார் அதே தூரத்துக்கு எழுபது லீற்றருக்கு மேல் குடிக்கும் என்பதால், மின்சாரமே பெரும்பாலும் இலாபமாக வரலாம். ஆனால் தரகர் சொன்ன அளவு இலாபம் அன்று. நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் மானியைப் பெற்று இரவு 10.30 க்குப் பின் மின்னேற்றுபவருக்கும், கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவருக்குமே முழு இலாபம். கூரையும் முதலும் இல்லாதவருக்கு?

சூரியனைப் பற்றிச் சொல்லும்போது வயிறு எரிகின்றது. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்துவிட்டதென்று, கூரைச் சூரிய மின் உற்பத்தியைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை எறிகின்ற நாடு, மின்சாரக் கார் வைத்திருப்பவரை இரவில் நுரைச்சோலை நிலக்கரியில் மின்னேற்றச் சொல்கின்றது! பிரதேச செயலகம், ஆசுபத்திரி, பாடசாலை, சந்தை ஆகியவற்றின் வாகனத் தரிப்பிடங்களில் பகல் நேர மலிவுக் கட்டணத்தில் மின்னேற்றும் வசதி இருந்தால், எறிகின்ற மின்சாரமும் பயன்படும், டொலரும் மிஞ்சும்.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 இல் இந்திய எல்லை முடங்கி எரிபொருளின்றித் தவித்த மலைநாடு அது. வெளிநாட்டில் உழைப்பவரின் பணத்தில் வாழ்வதிலும் நம்மைப் போன்றதே. தன் ஆறுகளின் மின்சாரத்தை நம்பி, மின்சார வாகனத்துக்கு வரியைக் குறைவாக வைத்தது. அண்மைய ஆண்டுகளில் அங்கு இறக்குமதியாகும் கார்களில் பெரும்பான்மை மின்சாரக் கார்களே. நாமோ 2022 இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். ஒரு லீற்றர் 470 ரூபாய்க்கு வாங்கினோம். கியூஆர் அட்டையைக் காட்டி அளந்து ஊற்றிக்கொண்டோம். அந்தப் பாடத்தைப் படித்தவர் நேபாளத்தார். பரீட்சை எழுதியவர் நாம்.

இனி, சவளக்கடையில் வயல் செய்கின்ற ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்துவோம். நிலம் சமதரை. கல்முனைச் சந்தையும் சம்மாந்துறையும் அருகில். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீற்றர் ஓட்டம். வெயிலுக்குக் குறைவில்லை. மின்சாரக் காருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. யப்பானின் நிசான் சக்குரா போன்ற 20 கிலோவாட்-மணிச் சிறு கார் இவர்களுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் மாரி வந்தால் கிட்டங்கித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாயும், ஊர் துண்டிக்கப்படும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே இழுத்துச் சென்று மத்ரஸா மாணவர்களின் உயிரைப் பறித்த துயரம் இன்னும் ஆறவில்லை. உயரமான, பாதுகாப்பான பாலம் எந்த வாகனத்துக்கும் முந்திய தேவை. பற்றரியைத் தரையோடு சுமக்கின்ற காருக்கு அது இன்னும் முந்திய தேவை. 2025 நவம்பரின் டித்வா புயலில் நாட்டின் பல பகுதிகள் மின்சாரமின்றிக் கிடந்தன என்பதையும் மறக்கலாகாது.

கார் பழுதானால்? விரைவு மின்னேற்று நிலையங்கள் மேல் மாகாணத்திலும் அதிவேகப் பாதைகளின் ஓரத்திலும் செறிந்து கிடக்க, கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள நமக்குக் கராஜ் பாஸ்மாரின் கைத்திறனே கதி. உயர் அழுத்த மின்சாரத்தில் கைவைக்க அவர்களுக்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. ஒலுவிலில் பொறியியல் பீடத்தோடு பல்கலைக்கழகம் இருக்கின்றது. குறுங்காலப் பயிற்சி ஒன்றை நடத்த இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே வாங்க நினைப்போருக்குச் சொல்வது: விலைப் பலகையை முதலில் பார்க்காதீர்கள். பற்றரியின் மிஞ்சிய கொள்ளளவை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதம் எந்த ஊரில் நிறைவேற்றப்படும் என்று கேளுங்கள். உங்கள் வீட்டின் மின் கட்டணச் சிட்டையை எடுத்து, மேற்சொன்ன கணக்கை நீங்களே போடுங்கள். லீசிங்காயினும், வட்டியைத் தவிர்க்க இஜாரா முறையாயினும், கட்டி முடிக்கும் ஆண்டில் அந்தப் பற்றரி எவ்வளவு ஓடும் என்பதே உண்மையான விலை.

அரசாங்கத்துக்குச் சொல்வது: ஐந்தாண்டுக்கு மாறாத வரி அட்டவணை ஒன்றை வெளியிடுங்கள். வயதை விட்டுப் பற்றரியை அளவுங்கள். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ என்று கொழும்பு வீதி நெடுக, வெள்ளம் ஏறாத மேட்டில் மின்னேற்று நிலையங்களை அமையுங்கள். கிட்டங்கியில் வெள்ளத்துக்கு அடங்காத வழியை உறுதிசெய்யுங்கள். இவற்றுள் எதுவும் வானத்து நட்சத்திரம் அன்று. நம் பிரதிநிதிகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அவர்கள் இறங்குகின்ற வாகனத்தின் வலு எத்தனை கிலோவாட் என்று கேட்காதீர்கள். இந்த நான்கில் எதைச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.