தடம் பதியாத கொலைவெறி

கணவன் கழுத்தை நெரித்ததாக ஒரு பெண் புகார் சொன்னால், முதலில் அவர் கழுத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கே தடம் இல்லையென்றால் குடும்பத் தகராறு என்று சமாதானம் பேசி அனுப்பிவிடுகிறார்கள். தேனி மாவட்டம் ராயப்பன்பட்டியில் விடியுமுன் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணும், கழுத்து நெரிபட்டுக் குரல் கம்மியதற்குப் பனியைக் காரணம் சொல்லிச் சமாளித்துவிடலாம்.

சட்ட மருத்துவம் சொல்வது வேறு. மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் சிரையை அடைக்க ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் போதும். மூளைக்கு ரத்தம் ஏற்றும் தமனிக்கு 5 கிலோ. மூச்சுக்குழலை அடைக்கத்தான் 15 கிலோ வேண்டும். ஆகவே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்து விநாடிக்குள் நினைவு தப்பலாம். துண்டாலோ முந்தானையாலோ இறுக்கினால் தோலில் சிராய்ப்புகூட விழாமல் போகலாம். அமெரிக்காவின் சான் டியாகோவில் 300 புகார்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வில், பாதிப் பேரிடம் வெளிக்காயமே இல்லை.

தடயம் வேறிடத்தில் இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம்; காதின் பின்புறமும் உதட்டின் உட்புறமும் பார்க்க வேண்டும். எச்சில் விழுங்க வலிக்கிறதா, தன்னையறியாமல் சிறுநீர் போனதா என்று மருத்துவர்தான் கேட்க வேண்டும். கூச்சத்தில் அந்தப் பெண் தானாக வாய் திறக்க மாட்டார். மோவாய்க்குக் கீழே உள்ள நகக்கீறல், பிடியை விலக்கப் போராடிய அவருடைய விரல்களே போட்டதாக இருக்கலாம். நினைவு தப்பியவருக்கு நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல வராது. அதை வைத்தே ‘மாற்றி மாற்றிப் பேசுகிறார்’ என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி. தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதமும் வரலாம்.

இவையெல்லாம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் (ஏ.ஆர். காப்பி) ஏறாவிட்டால் வழக்கு சாதாரணக் காயத்தோடு நின்றுவிடும். இங்கிலாந்தில் கழுத்தை நெரிப்பது 2022 ஜூன் முதல் தனிக்குற்றம். 5 ஆண்டுவரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படித் தனிப்பிரிவு இல்லை. கொலை முயற்சிக்கான 109ஆம் பிரிவு நிற்க வேண்டுமானால் மருத்துவரின் எழுத்து வலுவாக இருக்க வேண்டும்.

ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் துணைவனாலேயே கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்கு என்றது 2008இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு. பிணவறையில் தெரியவருவதை உயிரோடு இருக்கும்போதே கண்டறிய வேண்டாமா?

க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியின் சட்ட மருத்துவத் துறை, உத்தமபாளையம், கம்பம் அரசு மருத்துவமனைகளின் பணி மருத்துவர்களுக்கு இதற்கென ஒரு பக்கப் பரிசோதனைப் படிவம் தயாரித்துத் தர வேண்டும். கழுத்து நெரிக்கப்பட்ட பெண்களே, தடம் இல்லையென்று தயங்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.